கதவு திறக்கிறவன்

ஆறுக்கு ஒன்று.
தோற்றதும் நேரே பொதுச் சவுனாவுக்கு வந்துவிட்டோம்.
வீட்டுக்குப் போய் யாரிடம் கத்துவது?
வெளியே கெமி நகரம், மைனஸ் இருபத்தாறு.
உள்ளே எண்பத்தெட்டு.
நடுவில் எங்கள் வாய்.

மேல்படியில் நான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
பக்கத்தில் ஊர்போ. ஆலையில் கணக்கு எழுதியவன்,
ஆலை மூடியபின் அணியின் கணக்கை
யாரும் கேட்காமலே எழுதுகிறவன்.
அடுப்போரம் தைஸ்தோ, பல் வைத்தியர்.
ஆடையில்லாதபோதும் பல் வைத்தியராகத்தான் தெரிவார்.

"லாட்வியாக்காரனுக்கு மூன்று வருட ஒப்பந்தம்!
முப்பத்தைந்து வயது முழங்காலுக்கு
எந்த மேலாளன் மூன்று வருடம் எழுதிக்கொடுப்பான்?"
"முழங்கால் இல்லை, தொடையிடுக்கு."
"எதுவோ ஒன்று. நாற்பத்தொரு ஆட்டம் விடாமல் நிறுத்தினால்
இரும்புக் கீல்கூடத் தேயும்."

நவம்பரில் இரண்டாவது கோலியை
ஸ்வீடனுக்கு விற்றார்கள்.
வந்த காசில் புது ஸ்கோர்போர்டு.
"அதனால்தான் அந்த ஆறு
இவ்வளவு பளிச்சென்று தெரிந்தது," என்றார் தைஸ்தோ.
கல்லில் தண்ணீர் ஊற்றினார்.
ஆவி எங்கள் காதைக் கடித்தது.

"சரி, இப்போது இருக்கிற மாற்று கோலி?"
"அந்தப் பையனா? குவோபியோவில்
பதினெட்டு அடிக்கு ஐந்து விட்டான்."
"ஒரே ஒரு ஆட்டம்! அதுவும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து!"
"பால் கெட்டதா என்று பார்க்க
முழு டப்பாவையும் குடிக்கணுமா?"
"ஆடவிடாமல் எப்படித் தெரியும்?"
"தெரியாமல் எப்படி ஆடவிடுவது?"
இரண்டு கேள்வியும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு
அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

நான்தான் முடித்துவைத்தேன்:
"அவன் ஒப்புக்குச் சப்பாணி. விடுங்கள்."
சிரித்தார்கள்.
எனக்கும் என் வாக்கியம் பிடித்திருந்தது.

கீழ்ப்படியில் ஒருவன்.
நாங்கள் வந்தபோதே இருந்தான் போல.
காரை எலும்புக்குக் கீழே சாஸர் அளவு காயம்,
ஓரத்தில் மஞ்சள், நடுவில் கத்தரிக்காய் நிறம்.
முகமூடி இல்லாத அந்த முகத்தை
நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
சுவரொட்டியிலும் லாட்வியாக்காரன்தானே இருக்கிறான்.

தைஸ்தோ குனிந்து கேட்டார், மரியாதையாகவே:
"தம்பி, நீங்கள் சொல்லுங்கள்.
மாற்று கோலிக்கு அணியில் என்னதான் வேலை?"

அவன் அகப்பையை வாளியில் வைத்தான்.
"கதவு திறப்பது.
ஆள் மாறும்போது பெஞ்சின் கதவை நான் திறக்கணும்.
முன்கூட்டித் திறந்தால்
விளிம்பில் மோதி ஒருவன் விலா போகும்.
பிந்தித் திறந்தால் ஐந்து பேர் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு பேர்.
இன்றைக்குக் கீல் உறைந்துவிட்டது.
இடைவேளையில் வெந்நீர் ஊற்றினேன்."

அவ்வளவுதான். எழுந்தான்.
முதுகில் ஒரு பிர்ச் இலை ஒட்டியிருந்தது.
யாரும் சொல்லவில்லை.

கல் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் கழித்து ஊர்போ,
"இருந்தாலும் மூன்று வருடம் அதிகம்தான்," என்றான்,
கால்விரல்களைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை மறுபடி லாட்வியாக்காரன்,
தொடையில் கட்டோடு.
நான் வட்டை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தேன்.
தொப்பி, கழுத்தில் துண்டு,
தாழ்ப்பாள் மேல் இடது கை.
திறந்தது, மூடியது. திறந்தது.
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
அதற்குள் ஒரு கோல் விழுந்து
எல்லோரும் எழுந்து மறைத்துவிட்டார்கள்.

எங்கள் கோலா, அவர்கள் கோலா,
சத்தத்தை வைத்து
அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.